சேறு எவ்வளவு தாங்கும்?

ஐப்பசி பிறந்து, விளைந்த நெல் சாயத் தொடங்கிவிட்டால், மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து விவசாயிகள் அறுவடை மிஷின் தேடி அலைவார்கள். தரகர் போனில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: டயர் வண்டியா, செயின் வண்டியா? வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும், வாடகையும் குறைவு. முந்தின ராத்திரி மழை இறங்கி வரப்போரம் தண்ணீர் நின்றால் டயர் வண்டிக்காரர் வரப்பிலேயே இறங்கி நின்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு செயின் வண்டிதான். மணிக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இந்தச் சிக்கல் மதுரைச் சமவெளிக்குப் புதிதல்ல. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து வாடிப்பட்டி, மதுரை வடக்கு, மேலூர் என்று பாய்கிறது. இருபோகப் பகுதியில் ஜூனில் தண்ணீர் திறந்தால் முதல் போகம் முற்றும் நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடும். கதிர் அரிவாளோடு ஆட்கள் இறங்கிய காலத்தில் அது முழங்கால் சேற்றில் நின்று அறுக்கிற வேதனை. இன்று அதே சேற்றில் டன் கணக்கில் எடையுள்ள இரும்பு இறங்குகிறது.

செயின் வண்டி என்று பெயர் இருந்தாலும் அதில் ஓடுவது இரும்புச் சங்கிலி இல்லை. முனையற்ற ஒரு ரப்பர் பட்டை. சில ஊர்களில் இதையே பெல்ட் வண்டி என்கிறார்கள். ரப்பருக்குள்ளே எஃகுக் கம்பி வடம் சுற்றிச் சுற்றிப் போகும். குறுக்கே வரிசையாக இரும்புத் துண்டுகள் பதிந்திருக்கும். பல் சக்கரம் அந்தத் துண்டுகளைப் பிடித்து இழுக்கிறது, உருளைகள் அவற்றின் மேல் ஓடுகின்றன, வெளிப்புறத்தில் ரப்பர் கட்டைகள் தரையைக் கடிக்கின்றன. பட்டையின் உட்புறத்தில் 450×90×51 என்பது போன்ற எண்களைக் காணலாம். அகலம் 450 மில்லிமீட்டர், ஒரு இரும்புத் துண்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 90 மில்லிமீட்டர், மொத்தம் 51 துண்டுகள் என்று பொருள். 90ஐ 51ஆல் பெருக்கினால் பட்டையின் முழு நீளம் 4.59 மீட்டர். இந்த எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அத்தியாயத்தின் கடைசியில் தேவைப்படும்.

இதே பட்டையின் தம்பி ஒருவன் கனடாவிலும் குல்மார்க்கிலும் பனிமேல் ஓடுகிறான். ஸ்னோமொபைல் என்னும் பனி ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ஒரே ஒரு ரப்பர் பட்டை. கனடாவில் அதை வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் வீட்டுக் கொட்டகையில் அந்தப் பட்டையை ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள் என்று சொன்னால் மிகையாகாது. சிலர் கட்டைகளில் சிலவற்றை வெட்டியெடுப்பார்கள், சிலர் பட்டையில் துளையிட்டு உலோக ஆணிகளை முடுக்குவார்கள், சிலர் உயரமான கட்டைகள் கொண்ட வேறு பட்டையை மாட்டுவார்கள். இங்கே வெல்டிங் பட்டறையில் சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்துக்கு ஆங்கிள் பட்டையைக் கூட்டி ஒட்டவைப்பவரும் அதே வேலையைத்தான் செய்கிறார். சக்கரம் புதையக்கூடாது, சும்மா சுற்றக்கூடாது. இருவருக்கும் கவலை இதுவே.

பனி வண்டியே ஒரு கொட்டகை வேலையில் பிறந்ததுதான். கியூபெக் மாநிலத்தின் வால்கூர் என்ற சிற்றூரில் 1907இல் பிறந்த ஜோசப் ஆர்மாண்ட் பம்பார்டியர், பதினைந்து வயதில் பழைய ஃபோர்டு மோட்டார் ஒன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றி, விமானக் காற்றாடி பூட்டி ஓட்டிக் காட்டினார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் இறந்துபோனான். பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பல் சக்கரமும் ரப்பர் பட்டையும் இணைந்து ஓடும் அமைப்பை உருவாக்கி, 1937இல் ஏழு பேர் அமரும் பனி வண்டியை விற்கத் தொடங்கினார். ஒருவர் இருவர் ஏறும் சிறிய ஸ்கீ-டூ 1959இல் வந்தது.

ஆனால் முனையற்ற பட்டையின் கதையில் பம்பார்டியருக்கு முன்பே வயலில் ஒரு நாற்று நடப்பட்டுவிட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே ஆற்று முகத்துவாரத்தின் மெத்தென்ற கருமண் நிலத்தில் நீராவி டிராக்டர்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் சக்கரங்களை அகலமாக்கிப் பார்த்தார், இன்னும் அகலமாக்கினார், வண்டி ஊர்வலத் தேர் அளவுக்குப் பெருத்ததுதான் மிச்சம். 1904இல் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகள் கோத்த சங்கிலிப் பட்டையைப் பூட்டினார். வண்டி மிதந்து போனது. ராணுவ டாங்கியின் மூதாதை வயலில்தான் இருக்கிறது. போர் இயந்திரம் உழவுக்கு வந்ததாகப் பலரும் நினைத்திருக்கிறார்கள், வரலாறு நேர்மாறாக இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். நடுத்தரச் செயின் வண்டி ஒன்றின் எடை 3,000 கிலோ என்று கொள்வோம். 45 செ.மீ. அகலப் பட்டை தரையில் 160 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது. இரண்டு பட்டைகளுக்கும் சேர்த்துப் பரப்பு 14,400 சதுர செ.மீ. எடையைப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.21 கிலோ. இப்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒற்றைப் பாதத்தில் நிற்கும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் பதியும் பரப்பு 180 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 0.33 கிலோ. வரப்பில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயி வயலுக்குள் இறங்கினால், அந்த மூன்று டன் இரும்பைவிட அவர்தான் ஆழமாகப் புதைவார்! 400 கிலோ உழவு மாட்டின் நான்கு குளம்புகளுக்கும் சேர்த்து 300 சதுர செ.மீ. பரப்பு இருந்தால் அழுத்தம் 1.3 கிலோவைத் தாண்டுகிறது. மாடு சேற்றுக்கு அடியிலுள்ள கெட்டி மண் வரைக்கும் காலை ஊன்றுவதற்குக் காரணம் இதுதான். சேற்றுழவில் அது குறையாக இருந்ததில்லை, குளம்பு மிதித்ததே பாதி உழவு.

டயர் வண்டி இந்தச் சோதனையில் தோற்றுப்போகிறது. காற்றடைத்த டயர் மென்மையான தரையில் தரும் அழுத்தம், உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். காற்று ஒரு சதுர செ.மீ.க்கு ஒன்றரை கிலோ என்றால் தரைக்கும் கிட்டத்தட்ட அதுவே போகும். செயின் வண்டியைப்போல ஏழு மடங்கு.

அகலத்தால் எடையைப் பகிரும் வித்தை நம் வயலுக்கு எப்போதோ தெரியும். பரம்படிக்கும்போது பலகைமேல் ஆள் ஏறி நிற்பார். இரண்டு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலப் பலகை என்றால் பரப்பு 4,000 சதுர செ.மீ. ஆளின் எடை அதில் பரவி, சதுர செ.மீ.க்கு 0.015 கிலோவாகிவிடுகிறது. இறங்கினால் முழங்கால் புதையும் அதே சேற்றில் பலகைமேல் அவர் வழுக்கிக்கொண்டு போகிறார். பனியில் சறுக்குபவரின் கால்கட்டையும் இதே கணக்குத்தான்.

புதையாமல் நிற்பது பாதி வேலை. முன்னே நகர வேண்டும், அதுவும் நெல்லையும் சுமந்துகொண்டு. இங்கேதான் பட்டறைக்காரரும் வண்டி உரிமையாளரும் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். எஞ்சின் பலம் போதவில்லை என்று நினைப்பார்கள். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் தந்தாலும், சக்கரம் பின்னுக்குத் தள்ளும்போது மண் அறுந்துவிட்டால் எல்லாம் வீண். வண்டி முன்னே போக எவ்வளவு விசை கிடைக்கும் என்பதை முடிவு செய்வது மண்ணின் அறுபடாத உறுதிதான்.

அந்த உறுதிக்கு இரண்டு மூலங்கள் இருப்பதை 1773இலேயே சொன்னவர் சார்ல் கூலம். மின்னூட்ட விதியால் பள்ளிப் புத்தகத்தில் இடம்பிடித்த அதே கூலம்தான். ராணுவப் பொறியாளராக மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டியபோது மண்சுவர் ஏன் சரிகிறது என்று யோசித்தார். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் பிடிப்பு ஒன்று. மேலே அழுத்தம் கூடக் கூடத் துகள்கள் உரசி நிற்பதால் வரும் பிடிப்பு இன்னொன்று. முதலாவது பரப்பைப் பொறுத்தது, இரண்டாவது எடையைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மிக்கிள்த்வைட் என்ற ஆங்கிலேயர் இதே சமன்பாட்டை டாங்கியின் பட்டைக்குப் பொருத்தினார். இன்றும் தரை வண்டிகளின் இழுவையைக் கணக்கிட முதல் படி அதுதான்.

மதுரைக்குள்ளேயே இந்த இரண்டு மூலங்களையும் தனித்தனியே பார்க்கலாம். வைகை மணலில் ஒட்டு கிடையாது, உரசல் மட்டுமே. அங்கே வண்டிமேல் நூறு கிலோ கூட ஏற்றினால் ஏறக்குறைய அறுபது கிலோ அளவுக்கு இழுவை கூடும். தொழி அடித்த நெல்வயலின் களிமண் இதற்கு நேரெதிர். துகள்களுக்கிடையே தண்ணீர் நிறைந்துவிட்டதால் மேலே ஏற்றும் எடையைத் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது, துகள்கள் உரசுவதற்கு வாய்ப்பில்லை. எடை எவ்வளவு கூட்டினாலும் இழுவை கூடாது. பரப்பும் ஒட்டும் மட்டும்தான் கணக்கு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காய்ந்திருக்கும்போது இரண்டும் கலந்திருக்கும், மழை பெய்துவிட்டால் அதுவும் ஒட்டுப்பிசின் கட்சிக்குப் போய்விடும்.

பல டிராக்டர் உரிமையாளர்கள் பின் டயரில் முக்கால்வாசித் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். ஒரு டயருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். செம்மண்ணில் புழுதி உழவுக்கு அது அருமையான யோசனை, வழுக்கல் குறையும், டீசல் மிஞ்சும். அதே டிராக்டரை அப்படியே தொழிக்குள் இறக்கினால் இழுவையில் ஒரு கிலோகூடக் கூடாமல், நானூறு கிலோ கூடுதல் எடை மட்டும் கீழே இறங்கும். சக்கரம் ஆழப் புதைந்தால் முன்னால் சேறு சுவராக எழும், அந்தச் சுவரைத் தள்ளுவதற்கே எஞ்சின் உழைக்கும். நெல்வயலுக்கு முன் டயர்த் தண்ணீரை வடித்துவிடுவது பைசா செலவில்லாத மாற்றம். எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது கட்டைகள். வழவழப்பான பட்டை சேற்றின் மேல்தோலைத்தான் பிடிக்கும், அது தண்ணீரும் கூழுமாக இருக்கும். கட்டை உள்ளே இறங்கினால் அறுபடும் தளமும் கீழே இறங்குகிறது. கீழே மண் கெட்டி. நெல்வயலில் 15, 20 செ.மீ. ஆழத்தில் வருடக்கணக்கான சேற்றுழவால் இறுகிப்போன அடிக்கெட்டி ஒன்று உண்டு. கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் தேடிப் போவது அதைத்தான். பனி வண்டிக்காரர்களும் இதை அறிவார்கள். கெட்டிப்பட்ட பாதையில் ஓட்டுபவர் ஓரங்குல உயரக் கட்டை வைத்துக்கொள்வார். மலைச்சரிவின் ஆழப்பனிக்குப் போகிறவர் இரண்டரை, மூன்று அங்குலக் கட்டைகளைத் தேடுவார்.

அப்படியானால் கட்டைகளை நெருக்கி நெருக்கி வைத்துவிட்டால் பிடி கூடாதா? பட்டறையில் அடிக்கடி கேட்கிற யோசனை இது. ஆங்கிள் பட்டை எட்டு இருந்தால் பன்னிரண்டு ஆக்கு, பன்னிரண்டு இருந்தால் பதினாறு ஆக்கு. ஓரளவுக்கு மேல் போனதும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே சிக்கிய களிமண் கீழே விழாது. சுற்றுக்குச் சுற்று அப்பிக்கொண்டு, கடைசியில் கேஜ் வீல் சேறு பூசிய வழவழப்பான உருளையாகிவிடும். கூட்டி வைத்த இரும்பு முழுவதும் சேற்றுக்குள் ஒளிந்துகொள்ளும், பிடி பழையதைவிடக் குறையும். இடைவெளி என்பது மண் கழன்று விழுவதற்காக விட்ட வாசல். அதை அடைக்கக்கூடாது.

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்தவர்கள் பாங்காக்கிலுள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தினர். டேவிட் கீ-க்ளஃப், விலாஸ் சலோகே ஆகியோர் 1980களில் ஈரக் களிமண் நிறைந்த தொட்டியில் கேஜ் வீல் பட்டைகளை ஓட்டி, கோணம், இடைவெளி, வழுக்கல் ஒவ்வொன்றும் விசையை எப்படி மாற்றுகிறது என்று அளந்தார்கள். இரும்புமேல் எனாமல் பூசினால் களிமண் ஒட்டுவது குறைகிறது என்பதையும் சோதித்துப் பார்த்தார்கள். இரும்புக்கும் களிமண்ணுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் இரண்டையும் இறுக்கிப் பிடித்து வைக்கிறது, மேற்பரப்பை மாற்றினால் அந்தப் பிடி தளரும். நம் பட்டறைகளில் கேஜ் வீலுக்கு அடிக்கும் பெயின்ட் அழகுக்காக மட்டும்தான். ஒரு போகத்தில் தேய்ந்து போய்விடும். நீடிக்கும் பூச்சு ஒன்று மலிவாகக் கிடைத்தால் மேலூருக்கு அது பெரிய உதவி.

பனியும் சேறும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஓரிடத்தில் அடியோடு பிரிகின்றன. புதுப்பனி மிதிபட்டால் நொறுங்கி, துகள்கள் நெருங்கி, தொடும் இடங்களில் தாமாகவே உறைந்து பிணைந்துகொள்ளும். ஒரு வண்டி போன தடத்தில் சில மணி நேரம் கழித்து அடுத்த வண்டி சுகமாகப் போகும். பனி வண்டி தனக்கான சாலையைத் தானே போட்டுக்கொள்கிறது. நெல்வயலின் களிமண் மிதிபட மிதிபட இளகும். முதல் தடவை செயின் வண்டி போன இடத்தில் இரண்டாவது தடவை போனால் இன்னும் இறங்கும், மூன்றாவது தடவை சிக்கிவிடலாம். தேர்ந்த ஓட்டுநர் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போக மாட்டார், வயல் மூலையில் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கவும் மாட்டார். ஒரு பட்டையை நிறுத்தி மறு பட்டையை ஓட்டித் திருப்பும்போது மண்ணைக் கத்தியால் வழித்ததுபோல் பட்டை வாரிவிடும். அந்தப் பள்ளத்தைச் சமப்படுத்த அடுத்த போகத்தில் கூடுதல் உழவுக்கூலி தரவேண்டியிருக்கும். நெல் தரிசில் உளுந்து விதைப்பவர்களுக்கு இது நேரடி நஷ்டம். அறுப்புக்கு முன்பே தெளித்து முளைத்திருக்கும் பயிர் அந்தத் தடத்தில் நசுங்கிப்போகும்.

பனி வண்டிக்காரர்கள் கட்டையை ஏன் வெட்டுகிறார்கள் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். ஓடும் பட்டையைக் கவனித்தால், தரையில் படிந்த பகுதி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. மேலே திரும்பி வரும் பகுதி வண்டியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. இதன் விளைவு, பட்டையின் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் மற்ற பாகத்திலுள்ள இரண்டு கிலோவுக்குச் சமமான இயக்க ஆற்றலை விழுங்குகிறது. ஒரு பங்கு முன்னே போவதற்கு, ஒரு பங்கு சுற்றுவதற்கு. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும் பந்தய வண்டியில் பட்டையிலிருந்து ஒரு கிலோவைக் குறைத்தால் அது கண்ணுக்குத் தெரியும். நெல்வயலில் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நகரும் வண்டியில் இந்த ஆதாயம் தூசுக்குச் சமம். பனி வண்டி வீடியோவைப் பார்த்துவிட்டுச் செயின் வண்டியின் கட்டையை வெட்டக் கிளம்புபவர் பிடியை இழப்பார், வேறெதையும் அடையமாட்டார்.

துளையிடுவதில் இன்னும் பெரிய ஆபத்து. தேய்ந்த கட்டைகளின் மேல் புதிய ரப்பர்த் துண்டுகளைப் போல்ட் போட்டு இறுக்குவது உண்டு. இரும்புத் துண்டு பதிந்த நடுப்பகுதியில் கவனமாகச் செய்தால் கொஞ்ச காலம் தாங்கும். ஓரத்தில் துளையிட்டால் ட்ரில் முனை எஃகுக் கம்பி வடத்தை அறுக்கும். அறுபடாவிட்டாலும் துளை வழியே சேற்றுத் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். வெளியே ரப்பர் புதிது போலவே இருக்கும், உள்ளே வடம் மக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் வயல் நடுவே, நெல்தொட்டி நிறைந்திருக்கும்போது பட்டை அறுந்து விழும். புதிய பட்டையின் விலையைக் கேட்டவர்கள் இதை எளிதில் மறக்கமாட்டார்கள். பனி வண்டிப் பட்டையில் ஆணி அடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உறைந்த ஏரிமேல் ஓட ஆணி வேண்டியதுதான், ஆனால் துளை கூடக் கூடப் பட்டை பலவீனமாகும், தளர்ந்த ஆணி கழன்று பின்னால் நிற்பவர்மேல் குண்டாகப் பாயும்.

செயினை இறுக்குவதிலும் ஒரு மயக்கம் உண்டு. தளர்வாக இருந்தால் சேற்றில் திரும்பும்போது கழன்றுவிடும் என்பது உண்மை. அதற்காக வீணைத் தந்தி போல இறுக்கினால் உருளைகளின் பேரிங் தேயும், எஞ்சின் சக்தியில் ஒரு பகுதி பட்டையை வளைப்பதற்கே போய்விடும். பல் சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கோலும் சேறும் அடைந்தால் செயின் தானாகவே இன்னும் இறுகும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதைக் கழுவி எடுக்காமல் விட்டால் காலையில் அது செங்கல்லாகக் காய்ந்திருக்கும். பல வண்டிகளுக்குத் தேவையான மாற்றம் ஒரு குழாயும் தண்ணீரும்தான்.

கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறுவதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதன் ஆங்கிள் பட்டையின் விளிம்பு 6 மில்லிமீட்டர் தடிமன், 30 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 18 சதுர செ.மீ. அதன்மேல் 600 கிலோ இறங்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு 33 கிலோ. டயர் தருவதைப்போல இருபது மடங்குக்கு மேல். சித்திரை வெயிலில் இளகிய தாரில் அது உளிபோல் இறங்கும். கிராமச் சாலைகளில் குறுக்கே வரிவரியாகத் தெரியும் வெட்டுகள் பல இப்படி வந்தவை. அதிகாரிகள் எச்சரிப்பதும் அபராதம் போடுவதும் நடக்கிறது, ஆனால் கேஜ் வீலைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகும் என்பதால் எச்சரிக்கை காற்றோடு போகிறது. ஓட்டுநரே இறங்காமல் விரைவில் கழற்றும்படி ஒரு பூட்டு அமைப்பை நம் பாலிடெக்னிக் மாணவர்கள் யாராவது செய்து காட்டினால், அது பனிப்பந்தயத்துக்கான எந்த மாற்றத்தையும்விட நாட்டுக்குப் பயன்படும்.

மண்ணை நம்பி வண்டி கட்டும் இந்த அறிவியலுக்குத் தனி உருவம் கொடுத்தவர் போலந்தில் பிறந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய மெச்சிஸ்லா பெக்கர். அகலமான தகடு, குறுகலான தகடு என்று விதவிதமாகத் தரையில் அழுத்தி, எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு புதைகிறது என்று அளந்து சூத்திரம் கண்டார். அவருடைய நூல் 1956இல் வந்தது. அந்தச் சூத்திரம் பிறகு நிலாவுக்குப் போனது. 1971இல் அப்பல்லோ 15 கொண்டுபோன நிலா வண்டியின் சக்கரங்களில் ரப்பர் இல்லை, காற்று இல்லை. எஃகுக் கம்பி வலைமேல் டைட்டானியப் பட்டைகளை அம்பு வடிவில் பொருத்தியிருந்தார்கள். கேஜ் வீலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

நம் சந்திரயானுக்கும் இதே கேள்வி எழுந்தது. நிலாத் தூசியில் சக்கரம் எவ்வளவு புதையும்? சோதிக்க நிலாமண் போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்துப் பொடியாக்கிச் சோதனைத் தளத்தில் பரப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய விக்ரம் கலத்திலிருந்து இறங்கி ஓடிய 26 கிலோ பிரக்யான் உலாவியின் ஆறு சக்கரங்களுக்குப் பின்னால் கொங்கு நாட்டுக் கல்லின் சாட்சி இருக்கிறது.

செயின் வண்டி வைத்திருப்பவரும் இப்படியொரு சோதனையைச் செய்யலாம், ஆய்வகம் வேண்டாம். பட்டையின் ஒரு கட்டைமேல் வெள்ளைப் பெயின்டால் அடையாளம் போடுங்கள். அந்த அடையாளம் பத்துச் சுற்று வரும்வரை வயலில் வண்டியை ஓட்டி, நகர்ந்த தூரத்தை டேப்பால் அளவெடுங்கள். பட்டையின் நீளம் 4.59 மீட்டர் என்றால் வழுக்காமல் ஓடியிருந்தால் 45.9 மீட்டர் வந்திருக்க வேண்டும். 38 மீட்டர்தான் வந்திருந்தால் வழுக்கல் 17 சதவீதம். அதாவது பட்டைக்கு வந்த சக்தியில் ஆறில் ஒரு பங்கு சேற்றைக் கலக்கவே போய்விட்டது. டிராக்டருக்கும் இதே முறைதான், சக்கரத்தின் பத்துச் சுற்றைக் கெட்டித் தரையில் ஒரு தடவை, வயலில் ஒரு தடவை அளந்து ஒப்பிட வேண்டும்.

பட்டறையில் எந்த மாற்றம் செய்தாலும், செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே வயலில், ஒரே ஈரத்தில் இதை அளந்து எழுதி வையுங்கள். வழுக்கல் குறையவில்லை என்றால் வெல்டிங்குக்குக் கொடுத்த காசு வீண் என்று பொருள். வயலின் ஈரத்தையும் மாற்றிப் பாருங்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்ட வயலில் அதே வண்டியை, அதே பட்டையோடு ஓட்டி அளந்தால், எந்த ஆங்கிள் பட்டையும் தராத ஆதாயம் அங்கே தெரியும். மழை விட்டுக்கொடுத்தால் முதலில் அதைச் செய்யுங்கள், பட்டறைக்குப் பிறகு போகலாம்.